அடுத்த தெரு வீடு

சின்னவன் குளியலறைக் கதவை உதைத்த சத்தத்தில்தான் அன்றைக்கு அந்த வீடு விழித்தது.

உள்ளே இருந்தவன் மொட்டை. சின்னவனின் அக்கா பெரியவளின் மகன், எட்டு வயது. பிறந்தபோது தலையில் முடி இல்லாததால் வந்த பெயர். இப்போது சீப்பு உடைகிற அளவுக்கு முடி அடர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்து, கதவு அவன் முழங்கையில் வந்து இடித்தது. வாயில் பற்பசை நுரையோடு அப்படியே நின்றான்.

"எவ்வளவு நேரம்டா பல்லு தேய்ப்பே? மாமனுக்கு வேலை இருக்குன்னு தெரியாது?"

பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினான். பையன் எதிர்ச் சுவரில் போய் மோதினான். அழவில்லை. மாமன் இருக்கும்போது எதற்கு அழலாம், எதற்கு அழக்கூடாது என்பது கொஞ்ச நாளாக அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

பெரியவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அவன் மேல கை வைக்காதே."

"வைக்கல. தள்ளினேன்."

"அந்தச் சட்டையைப் பத்திக் கேட்டேன். மூக்குல ரத்தம் வந்துச்சுன்னு சொன்னே. உன் மூக்கு நல்லாத்தானே இருக்கு?"

சின்னவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்ததைப் பார்த்தால் பாசமாகப் பிடித்த மாதிரிதான் இருந்தது. பிறகு திருகினான். அவள் உடம்பு கையோடு சேர்ந்து சாய்ந்தது.

"அக்கா, நீ என்னை வளர்த்தவ. அந்த மரியாதை இன்னும் இருக்கு. அதை நீயே கெடுத்துக்காதே."

விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் இல்லாததால் கதவு திறந்து திறந்து வந்தது. உள்ளிருந்து காலால் மிதித்துக்கொண்டு குளித்தான்.

சலவைக் கூடையின் அடியில் சுருட்டிக் கிடந்த அந்தச் சட்டை அவள் கையில் சிக்கியது போன வாரம். அதன் முன்பக்கம் முழுக்கக் கறை. மூக்கில் வருகிற ரத்தம் வழியும், தெறிக்காது. அது அவளுக்குத் தெரியும். சட்டை அழுக்கான அதே மாலையில்தான் துறைமுகத் தெருத் தையல்காரரைக் கடைக்குள்ளேயே வைத்து இரும்புத் தடியால் அடித்துப் போட்டுவிட்டுச் சிலர் வேனில் ஏறிப் போனார்கள். அதுவும் தெரியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவள் கணவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். இஸ்திரி போட்ட உடுப்பு, நெற்றியில் படிய வாரிய தலை. இத்தனை சத்தத்துக்கும் அவர் நிமிரவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா என் கையையும் முறுக்குவான். அப்புறம் நான் எப்படி ஊசி போடறது?"

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"அந்தத் தையல்காரர் எப்படி இருக்கார்?"

"தாடையில கம்பி வச்சுக் கட்டியிருக்கு. ஒரு கண்ணு போச்சு. மத்தபடி பிழைச்சுக்குவார்." ரொட்டியை மென்று விழுங்கிய பிறகு, "இன்னிக்கு நீ லீவு போட்டுடேன்" என்றார்.

"இன்னிக்கு நடக்கிறதே என் ஏற்பாடு. நான் போகாம எப்படி?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

*

பெரியவளுக்குக் குழந்தைகள் மியூசியத்தில் வேலை. ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய கிடங்கு அது. 'தொடாதே' என்ற பலகை ஒன்றுகூட அங்கே கிடையாது. தொட்டால்தான் எதுவும் நடக்கும். பிள்ளைகள் ஊர்ந்து போய் மறுபக்கம் வெளிவருகிற அளவுக்கு ஒரு மரக் காது இருந்தது. உள்ளே கிசுகிசுத்தால் கூடம் முழுக்கக் கேட்கும். மிதித்தால் தண்ணீர் ஏறுகிற சக்கரம் இருந்தது. நடுவில் இருந்த செய்முறைக் கூடம்தான் அவளுடைய ராஜ்யம். தாழ்வான மேசைகள், களிமண் தொட்டிகள், மண்ணை அடித்துப் பதப்படுத்த மரச் சுத்திகள்.

அன்றைக்குக் குடும்ப நாள். அவள் கொடுத்திருந்த பெயர் 'அடுத்த தெரு வீடு.' ஆலைத் தெருப் பிள்ளை ஒன்றும் துறைமுகத் தெருப் பிள்ளை ஒன்றும் ஜோடியாக உட்கார வேண்டும். அட்டைப் பெட்டியிலும் களிமண்ணிலும் இவன் அவள் வீட்டைக் கட்ட வேண்டும், அவள் இவன் வீட்டை. பார்த்திராத வீடு என்பதால் கேட்டுக் கேட்டுத்தான் கட்ட முடியும். உங்க வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், ராத்திரி யார் எங்கே படுப்பீங்க, மழை பெஞ்சா எங்கே ஒழுகும். பெரியவர்கள் மண்ணும் பசையும் எடுத்துக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குப் பதில் பேசக்கூடாது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் தொழில் சாமான் ஒன்றைக் கொண்டுவந்து மற்றப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும்.

ஆலைத் தெருக்காரர்கள், பெரியவளின் குடும்பத்தையும் சேர்த்து, பல தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். துறைமுகத் தெருக்காரர்கள் அப்பா காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்கள். வீட்டுக்குள் வேறு பாஷை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே சந்தை, ஒரே ஆஸ்பத்திரி. ஆனால் ஒருவர் வீட்டு வாசற்படியை இன்னொருவர் மிதித்ததில்லை. தையல்காரர் அடிபட்ட பிறகு சந்தையில்கூட ஒதுங்கிப் போக ஆரம்பித்திருந்தார்கள். அவர் கடை வாசலில் வேனை நிறுத்தாதே என்று சொன்னாராம். அவ்வளவுதான் விஷயம் என்று பேச்சு.

"இதை அடுத்த மாசத்துக்குத் தள்ளிடலாமே" என்று டைரக்டர் அம்மா சொல்லிப் பார்த்தார். முந்தின இரவு யாரோ கல்லெறிந்து கூடத்துப் பெரிய ஜன்னலை உடைத்திருந்தார்கள்.

"இப்பத் தள்ளினா கல்லெறிஞ்சவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்மா" என்றாள் பெரியவள்.

"சரி. கண்ணாடி மாட்ட ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

சின்னவன் வேலை பார்ப்பதும் ஒரு கண்ணாடிக் கடையில்தான். எந்தக் கடையிலிருந்து என்று பெரியவள் கேட்டிருக்கலாம். அதற்குள் வாசலில் சத்தம் கேட்டது.

ஆலைத் தெருத் தகப்பன் ஒருவர் வரிசையில் நின்றுகொண்டு, "இவங்களோட உக்காந்தா என் பிள்ளைக்குப் பேனே வந்துடும்" என்றிருக்கிறார். முன்னால் நின்ற துறைமுகத் தெருக்காரர், மத்தளம் வாசிக்கிறவர், தோளில் மத்தளத்தோடு திரும்பியிருக்கிறார். திரும்பிய வேகத்தில் மத்தளம் அந்தத் தகப்பனின் மூக்கில் பட்டது. வேண்டுமென்றே திரும்பினாரா என்பது மத்தளக்காரருக்கே வெளிச்சம். மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு வந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். காவலாளி நடுவில் புகுந்து இருவரிடமும் ஒவ்வொரு குத்து வாங்கினார்.

பெரியவள் போய் நின்று, குரலை உயர்த்தாமல், "உள்ள வர்றவங்க செருப்பைக் கழட்டணும். சண்டையையும் அங்கயே விட்டுட்டு வாங்க. போகும்போது எடுத்துக்கலாம்" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் மகளோடு உள்ளே வந்தார். மத்தளக்காரரும் வந்தார்.

அவர்களுக்குப் பின்னால் தையல்காரரின் மனைவி வந்தாள்.

அவள் வருவாள் என்று பெரியவள் நினைத்துப் பார்க்கவில்லை. கையில் துணி சுற்றிய பெரிய கத்தரிக்கோல். பக்கத்தில் ஆறேழு வயதில் ஒரு பெண் குழந்தை, பாவாடைப் பையில் தையல் சுண்ணாம்புத் துண்டுகளைக் குலுக்கிக்கொண்டு.

"பேர் கொடுத்திருந்தோம் டீச்சர். எங்க வீட்டுக்காரர்தான் கொடுத்தார். அவரால வர முடியல." அவள் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. "வீட்டுல உக்காந்தா இவ பேசிக்கிட்டே இருக்கா. காதுல ரத்தம் வர்ற மாதிரி பேசறா. அதான் கூட்டிட்டு வந்துட்டேன்."

பெரியவளுக்கு "வாங்க, உக்காருங்க" என்று மட்டும் வந்தது.

அந்தக் குழந்தையை, தன்னோடு வந்திருந்த மொட்டையோடு ஜோடி சேர்த்தது பெரியவள் இல்லை. ஒற்றையாக நின்றவன் அவன் ஒருவன்தான். குழந்தையே போய் எதிரில் உட்கார்ந்துகொண்டது.

*

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

தையல்காரரின் மனைவி கத்தரிக்கோலைப் பிள்ளைகளின் இரண்டு கைகளிலும் பிடிக்கக் கொடுத்து, தன் கையை மேலே வைத்து, துணியை ஒரே ஓட்டமாக வெட்டக் கற்றுக்கொடுத்தாள். மூக்கில் அடிபட்டவரின் மகள் மத்தளத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மொட்டை கேட்டான்: "உங்க வீட்டுல எத்தனை ஜன்னல்?"

"ஒண்ணு. அதுல எங்கப்பா சட்டை காயும். வெளிய பார்க்க முடியாது. கடை வேற இடத்துல. கடையில ஜன்னலே இல்ல, ஷட்டர்தான். உனக்குக் கடையைக் கட்டத் தெரியுமா? நானே கட்டறேன், நீ பாரு."

விதியை மீறிக் குழந்தை தன்னுடையதையே கட்ட ஆரம்பித்தது. பெட்டியைக் கவிழ்த்தது. அட்டையை மடித்துப் பாதி இறங்கிய ஷட்டர் வைத்தது. களிமண்ணில் தையல் மெஷின், வெட்டுகிற மேசை. கை வேலை செய்ய வாய் வேறெதையோ பேசியது: பூனை, பள்ளிக்கூடம், தொலைந்துபோன ரப்பர். பிறகு நான்கு மனிதர்களைப் பிசைந்தது. ஒருவனைப் படுக்க வைத்தது. மூன்று பேரைச் சுற்றி நிற்க வைத்தது. படுத்திருந்தவனின் தலையைக் கட்டை விரலால் அழுத்தித் தட்டையாக்கியது. இன்னும் ஒரு சின்ன உருண்டையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தது.

"இது யாரு?" என்றான் மொட்டை.

"நான்."

பெரியவள் அதைக் கேட்டாள். தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "போலீஸ்ல சொல்லல டீச்சர். இவ அங்க இருந்தான்னு தெரிஞ்சா இவளையும் தேடி வருவாங்க. உங்களுக்கும் தெரிஞ்சதா இருக்க வேண்டாம்."

அப்போதுதான் கூடத்தின் வாசலில் சின்னவன் வந்தான்.

போர்வையில் சுற்றிய கண்ணாடியை இரண்டு கையிலும் அணைத்துப் பிடித்திருந்தான். தடித்த கையுறை. உடைந்த ஜன்னலுக்குப் போகக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்காவைப் பார்த்ததும் தலையை ஆட்டினான், காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

"மாமா" என்றான் மொட்டை, பழக்கத்தில்.

குழந்தை திரும்பியது. சொல்லிக்கொண்டிருந்த பூனைக் கதை பாதியில் நின்றது. ஒரு சத்தமும் இல்லாமல் நாற்காலியிலிருந்து வழுக்கி மேசைக்கு அடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டது. பாவாடை நனைந்து தரையில் ஈரம் பரவியது.

தாய் குனிந்தாள். குழந்தை தன் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னது. பெரியவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

தாய் நிமிர்ந்தாள். கத்தரிக்கோல் அவள் கையிலேயே இருந்தது. நடந்து போய்ச் சின்னவனின் வழியில் நின்றாள்.

"என் வீட்டுக்காரர் உன்னை என்ன பண்ணினார்?"

"தள்ளும்மா. கண்ணாடி இருக்கு கையில."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்ன பண்ணினார்?"

சின்னவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. அக்கா பார்க்கிறாள் என்பதும் தெரியும். இருந்தும் உதட்டோரம் ஒரு இளிப்பு வந்தது.

"ஓ, அந்தத் தையக்காரன் வீடா. இன்னும் இருக்கானா?"

அவள் கத்தவில்லை. துணி வெட்டுகிற அதே நிதானத்தில் கையை ஓங்கிக் கத்தரிக்கோலை அவன் தோளுக்குக் கீழே இறக்கினாள். உள்ளே போய் எலும்பில் தட்டி நின்றது.

கண்ணாடி விழுந்தது. போர்வைக்குள்ளேயே நொறுங்கி, போர்வை கிழிந்து, சில்லுகள் கூடம் முழுக்கச் சிதறின. பிள்ளைகள் அலறினார்கள்.

"பிள்ளைங்களைக் காதுக்குள்ள அனுப்புங்க" என்று பெரியவள் கூவினாள். "அந்தப் பக்கமா வெளிய எடுங்க." மத்தளக்காரரும் மூக்கில் அடிபட்டவரும் கைக்குக் கிடைத்த பிள்ளைகளை, யார் பிள்ளை என்று பார்க்காமல், மரக் காதுக்குள் திணித்தார்கள். உள்ளே அழுத அழுகை பெரிதாகிக் கூடமெல்லாம் அதிர்ந்தது.

சின்னவன் தோளில் நின்ற கத்தரிக்கோலைப் பார்த்தான். பிடுங்கி எறிந்தான். ரத்தம் கையுறைக்குள் இறங்கியது. பிறகு அந்தப் பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வந்து, முகத்தை மேசை விளிம்பில் மோதினான். ஈரமான சத்தம். தூக்கி மறுபடியும் மோதினான். குழந்தை கட்டிய கடை அவள் முகத்துக்கு அடியில் நசுங்கியது.

பெரியவள் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். முழங்கை வந்து அவள் வாயில் விழுந்தது. உதடு பல்லில் கிழிந்து வாய் உப்புக் கரித்தது. விழுந்த இடத்தில் கண்ணாடிச் சில்லு உள்ளங்கையில் ஏறியது.

"மாமா, வேணாம் மாமா" என்று மொட்டை அவன் காலைக் கட்டிக்கொண்டான். சின்னவன் காலை உதறினான். பையன் தரையில் வழுக்கிக் களிமண் தொட்டியில் போய் இடித்தான். நெற்றி பிளந்தது.

சின்னவன் குனிந்து நீளமான சில்லு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அவசரமில்லாமல், கண்ணாடி பழகிய கையால். அந்தப் பெண் மேசைக்குக் கீழே சரிந்து, மகளைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு கிடந்தாள். அவள் முடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தான்.

களிமண் அடிக்கும் மரச் சுத்தி எப்போது கைக்கு வந்தது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. சில்லு விழுந்தது.

"அக்கா" என்றான். வலியைவிட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகம்.

முட்டியில் அடித்தாள். விழுந்தான்.

மூன்றாவது அடி தேவையில்லாத அடி. அடிக்கும்போதே அவளுக்கு அது தெரிந்தது. விழுந்து கிடந்தவனின் விலாவில் அடித்தாள். பிறகு மறுபடியும். காலையில் முறுக்கிய கைக்கு, சுவரில் மோதிய பிள்ளைக்கு, சட்டையைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கழித்த நாட்களுக்கு. தன் தொண்டையிலிருந்து வருகிற சத்தம் யாருடையது என்றே அவளுக்குப் புரியவில்லை. கையில் தெம்பு வந்துகொண்டே இருந்தது. அது பிடித்தும் இருந்தது.

யாரோ அவள் கணுக்காலைப் பிடித்தார்கள். தையல்காரரின் மனைவி. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, முகமெல்லாம் ரத்தமும் மண்ணும்.

"போதும் டீச்சர்" என்றாள். "உங்க பையன் பாக்கிறான்."

சுத்தி அவள் கையிலிருந்து நழுவியது.

*

ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது. வாசலில் இரண்டு தெருக்காரர்களும் இரண்டு கும்பலாகக் கூடினார்கள். ஒரு செங்கல் பறந்து வந்து ஆம்புலன்ஸ் கதவில் பட்டது. லத்திகள் சுழன்றன. யார் மண்டையோ உடைந்தது.

உள்ளே இன்ஸ்பெக்டர் அம்மா பெரியவளின் எதிரில் உட்கார்ந்திருந்தார். முதலுதவிக்காரி அவள் உள்ளங்கையிலிருந்து கண்ணாடியை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல குத்தினது யாரு?"

மூக்கில் அடிபட்டவர் முந்திக்கொண்டு, "அந்தப் பொம்பளைதாங்க" என்றார். பிறகு ஏனோ, "ஆனா அவன் சொன்ன வார்த்தையை நானும் கேட்டேன்" என்று சேர்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"அந்தம்மாதான் முதல்ல குத்தினாங்க. எல்லார் முன்னாடியும் நடந்தது, மாத்திச் சொல்ல மாட்டேன்." கிழிந்த உதட்டில் வார்த்தை குழறியது. "அதைச் சொன்னா இதையும் சொல்லணும். தையல்காரரை அடிச்சது என் தம்பி. ரத்தம் தெறிச்ச அவன் சட்டை எங்க வீட்டுல இருக்கு. போன வாரமே எனக்குத் தெரியும். அவன் கையை உடைச்சது நான். விலாவும் உடைஞ்சிருந்தா அதுவும் நான்தான்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த சின்னவன் அதைக் கேட்டுச் சிரித்தான். சிரிக்கும்போது விலா வலித்து முகம் கோணியது.

"என்னை மட்டும் காட்டிக் கொடுத்துட்டே. சந்தோஷமா இரு அக்கா. வீட்டுக்குப் போனதும் கதவை நல்லாத் தாழ்ப்பாள் போட்டுக்கோ."

"தாழ்ப்பாளை நீதான் உடைச்சிட்டியே" என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தையல்காரரின் மனைவியை இன்னொரு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூடவே ஒரு பெண் போலீஸ். ஏறும் முன் அவள் குழந்தையின் கையைப் பிடித்துப் பெரியவளின் கையில் வைத்தாள்.

"எங்க ஆளுங்க கிட்ட விட்டா பழி வாங்கற பேச்சா இவ காதுல ஓதுவாங்க. உங்களைத்தான் இப்ப நம்பறேன். நான் திரும்பி வர்ற வரைக்கும்."

"என் பிள்ளை மாதிரி பாத்துக்கிறேன்" என்றாள் பெரியவள். தம்பியைத் தான் வளர்த்த லட்சணத்துக்கு, தன்னிடம் ஒரு குழந்தையை ஒப்படைக்கிறாளே என்று இருந்தது அவளுக்கு.

நெற்றியில் கட்டோடு மொட்டையும், டைரக்டர் அம்மா எங்கிருந்தோ கொண்டுவந்த மாற்றுடையில் குழந்தையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பேசவே இல்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து தொப்பியை மாட்டினார். "ஒரு விஷயம் பாக்கி. உள்ளே போனவங்க மூணு பேர். வேனை ஓட்டினவன் வேற ஒருத்தன். அவன் இறங்கவே இல்லைன்னு எதிர்க் கடைக்காரர் சொல்றார். முகம் தெரியலையாம். யாருன்னு உங்களுக்குத் தோணுதா?"

"தெரியாதுங்க. அவன் கடைப் பசங்க யாராவது இருக்கலாம்."

"யோசிச்சுப் பாருங்க." வெளியே போய் ஜீப்பில் ஏறினார்.

அந்தப் பக்கமாகவே அவள் கணவர் ஓடி வந்தார். ஆஸ்பத்திரி உடுப்பு, மூச்சிரைப்பு, காலையில் படிய வாரிய தலை கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது. நேரே பெஞ்சுக்குப் போய் மொட்டையை வாரி எடுத்து, கட்டுப் போட்ட நெற்றியை விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"போலீஸ்ல என்ன சொன்னே?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"எனக்குத் தெரிஞ்சதை."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "சரி. வா, வீட்டுக்குப் போகலாம். இந்தப் பாப்பா யாரு?"

"தையல்காரர் பொண்ணு. அவங்கம்மா வர்ற வரைக்கும் நம்ம வீட்டுலதான்."

அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார். குழந்தைகளை வார்டுக்குள் விடுவதில்லை. அவளை அவர் பார்த்திருக்க வழியில்லை. அவள் அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கிப் பெரியவளின் பின்னால் போய் நின்றுகொண்டு, அவள் உடையை முறுக்கிப் பிடித்தாள்.

"என்னடா கண்ணு?"

குழந்தை தன் பாஷையில் சொல்லவில்லை. பெரியவளுக்குப் புரிகிற பாஷையிலேயே, மெதுவாக, திருத்தமாகச் சொன்னாள்.

"இந்த மாமா வண்டியிலயே உக்காந்திருந்தாரு. ஷட்டருக்குக் கீழ எனக்குத் தெரிஞ்சுது. ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்பா கத்தினது அதனாலதான் யாருக்கும் கேக்கல."

பெரியவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தாள். குழந்தை ஏதோ உளறுகிறது என்பார், சிரிப்பார், கோபப்படுவார். எதுவாவது.

அவர் மொட்டையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

"நான் அவங்களை இறக்கி விடத்தான் போனேன்" என்றார். "என்ன பண்ணப் போறாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டதும் பயந்துட்டேன். கை தானா ஹார்ன் மேல போயிடுச்சு."

"எடுத்திருக்கலாமே."

"என்ன?"

"கையை. எடுத்திருக்கலாமே."

அவர் ஓர் அடி முன்னால் வந்தார், அவளைத் தாண்டிக் குழந்தையைப் பார்த்தபடி. "சின்னப் பொண்ணு சொல்றதை யாரும் எடுத்துக்க மாட்டாங்க. நீ பேசாம இருந்தா போதும். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். பாப்பா, இங்க வாம்மா."

கையை நீட்டினார். பெரியவள் இரண்டு பிள்ளைகளையும் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு நடுவில் நின்றாள்.

வெளியே ஜீப் கிளம்பிவிட்டது. அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "மேடம்" என்று கூப்பிட்டாள். கிழிந்த உதட்டில் குரல் எழும்பவில்லை. கட்டுப் போட்ட கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மறுபடியும் கூப்பிட்டாள்.

ஜீப் நின்றது.